பம்ப் ஹவுஸ் பாதை

குட்மேய்ஸ், லண்டன்
10 ஜூலை 1988, ஞாயிறு

அன்புத் தங்கச்சி பவளக்கொடிக்கு,

முதலில் இந்தக் கையெழுத்துக்காக என்னைக் கோபித்துக்கொள்ளாதே. கோடு போட்ட தாள்தான் வாங்கினேன். எழுத்துகள் கோட்டில் உட்கார மாட்டேன் என்கின்றன. சிலது மேலே ஏறுகிறது, சிலது கீழே தொங்குகிறது. இந்த நாலு வரிக்கு அரைமணி நேரம் ஆகிவிட்டது. விரல் வலிக்கிறது. ஆனாலும் சிரித்துக்கொண்டேதான் எழுதுகிறேன்.

யார் கடிதம் என்று கவரைத் திருப்பித் திருப்பிப் பார்த்திருப்பாய். நான்தான், ராமு. பத்தாங் மேரா ரப்பர்த் தோட்டத்தில் பால் லாரியில் போன அதே ராமு. மகள் மங்கலத்திடம் சொல்லி எழுதியது இல்லை. கவரில் உள்ள இங்கிலீஷ் மட்டும் அவள். மற்றதெல்லாம் என் கை. எழுபது வயதில் எழுதப் படித்துவிட்டேன், தங்கச்ச்ச்சி!

எப்படி என்று கேட்பாய். சனிக்கிழமை தோறும் பேத்தி கிரிஜாவை இல்ஃபோர்டில் ஒரு சர்ச் ஹாலுக்குத் தமிழ் படிக்கக் கூட்டிப்போவது என் வேலை. மங்கலத்துக்கு ஆஸ்பத்திரியில் ஷிப்ட். நான் ஹீட்டருக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டுக்கொண்டு வகுப்பு முடியும்வரை இருப்பேன். பாடம் சொல்லிக்கொடுக்கும் சிவனேஸ்வரி டீச்சர் யாழ்ப்பாணத்துக்காரர். கண்டிப்பு அதிகம். போன குளிர்காலத்தில் ஒருநாள் ஒரு நோட்டீஸை என் கையில் தந்து, "ஐயா, இதை ஒருக்கா வாசிச்சு மற்ற ஆக்களுக்கும் சொல்லிவிடுங்கோ" என்றார். நான் காலமெல்லாம் செய்ததையே செய்தேன். தாளைத் தூரமாகப் பிடித்துப் பார்த்து, கண்ணாடியை வீட்டில் விட்டுவிட்டு வந்துவிட்டேன் என்றேன்.

"கண்ணாடி உங்கட தலையில கிடக்குது, ஐயா."

பிள்ளைகள் எல்லாம் சிரித்தார்கள். டீச்சர் சிரிக்கவில்லை. வகுப்பு முடிந்து போகும்போது மட்டும் மெதுவாகச் சொன்னார். "முன் வாங்கில இடம் இருக்கு. வாற கிழமை ஒரு கொப்பி கொண்டு வாங்கோ. வெக்கப்பட ஒண்டுமில்லை."

அப்படித்தான் நோட்டும் கையுமாக முன் பெஞ்சில் ஏழு வயதுப் பிள்ளைகளோடு உட்கார்ந்தேன். "தாத்தா, பென்சிலை ஸ்பூன் மாதிரிப் பிடிக்காதீங்க" என்று கிரிஜா அதட்டுவாள். இப்போது அரிசிப் பையில் உள்ளதை வாசிக்கிறேன். கடைப் பலகையை வாசிக்கிறேன். இங்கே உள்ள கோயிலில் செருப்பை வெளியே விடவும் என்று எழுதியிருப்பதைச் சத்தமாக மூன்று தடவை வாசித்தேன். மங்கலம் கையைப் பிடித்து இழுத்தாள். "அப்பா, எல்லாரும் பாக்கறாங்க!" பார்க்கட்டுமே.

முதல் கடிதம் உனக்குத்தான் என்று வகுப்பில் சேர்ந்த அன்றைக்கே முடிவு செய்தேன். தண்ணீர்க் குழாயடியில் நின்று, உன் வீட்டுக்காரர் நடராஜா மச்சானுக்குக்கூடத் தெரியாமல், ஊரிலிருந்து வந்த என் அம்மாவின் கடிதங்களை எனக்கு வாசித்துச் சொன்னது கூடப் பிறக்காத தங்கச்சியான நீ. அந்த ரகசியத்தை இத்தனை வருஷமும் வெளியே விடாமல் வைத்திருந்தாய்.

உன்னிடம் சொல்ல வேண்டியது வேறொன்றும் இருக்கிறது. அதற்கு இன்னும் கொஞ்சம் வேகமாக எழுதப் பழக வேண்டும். இராஜேந்திரனுக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பைச் சொல். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

இப்படிக்கு,
உன் அண்ணன் ராமு
(இதுவும் என் கைதான்)


தாப்பா, பேராக்
2 ஆகஸ்ட் 1988

அன்புள்ள அண்ணனுக்குப் பவளக்கொடி எழுதுவது.

உங்கள் கடிதத்தை அடுப்படியில் நின்றுகொண்டே படித்தேன். குழம்பு அடிப்பிடித்துவிட்டது. அந்தக் கணக்கு உங்கள் தலையில்தான். கையெழுத்து மோசம் என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள், அதனால் நான் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் தங்கச்சி என்ற சொல்லுக்கு ஒரு 'ச்' போதும். மூன்று போட்டிருக்கிறீர்கள். அன்பு அதிகம் போலிருக்கிறது.

மருமகள் கேட்டாள், "யாரும்மா, லண்டன்ல இருந்து?" என்று. "உங்க மாமா வயசான காலத்தில் பள்ளிக்கூடம் போறாரு" என்றேன். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சிரிப்புத் தண்ணீர் எது, மற்றது எது என்று எனக்கே தெரியவில்லை.

முழங்கால் அப்படியேதான். தோட்டத்தைத் துண்டுபோட்டு வீடு கட்ட விற்கிறார்கள். நம் லயத்து வீடுகள் இருந்த இடத்தில் இப்போது எண்ணெய்ப்பனைக் கன்றுகள்கூட இல்லை, வெறும் சிவப்பு மண்.

அண்ணே, ஒரு நல்ல சேதி. தொழிற்சங்கத்துக்காரர்கள் உங்கள் மச்சானுக்கு ஒரு நினைவுக் கல் வைக்கப் போகிறார்கள். வெள்ளைக்காரன் போகவேண்டும் என்று துப்பாக்கி தூக்கிக் காட்டுக்குப் போன தோட்டத்து ஆட்களை இத்தனை வருஷம் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. இப்போதுதான் கொஞ்சம் பேசுகிறார்கள். அவர் உயிர் போன நாளில், நவம்பர் இருபதாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை கூட்டம். மகன் இராஜேந்திரன்தான் ஓடி ஓடிச் செய்கிறான்.

நீங்கள் எழுதப் படித்தது தெரிந்ததும் அவனுக்குக் கால் தரையில் இல்லை. "அந்த மூணு நாள் சண்டை நிறுத்தத்தில சேதி கொண்டுபோனது மாமாதான். உயிரோட இருக்கிற சாட்சி அவரு ஒருத்தர்தான். அவரு கையாலயே எழுதி அனுப்பச் சொல்லும்மா, மேடையில வாசிக்கலாம்" என்கிறான். தூதர் அருள்நேசன் எப்படி ஆசைகாட்டிக் கூப்பிட்டுக் காட்டிக்கொடுத்தார் என்பதை நீங்கள் எழுத வேண்டுமாம். அப்பாவைக் கொன்றது அந்த ஆள்தான் என்று சொல்லித்தானே அவன் வளர்ந்தான்.

நான் கேட்டதாகச் சொல்கிறேன். எழுதுவதும் விடுவதும் உங்கள் விருப்பம்.

குளிரில் காதைக் கட்டிக்கொள்ளுங்கள்.

பவளக்கொடி


குட்மேய்ஸ்
21 ஆகஸ்ட் 1988

அன்புத் தங்கச்சி பவளக்கொடிக்கு,

இந்தத் தடவை 'ச்' சரியாக இருக்கிறதா பார்.

உன் கடிதத்தை யார் உதவியும் இல்லாமல் படித்தேன். முதல் பக்கம் முடிந்தபோது வீட்டில் இருந்தவர்களை எல்லாம் கூப்பிட்டுக் காட்டினேன். இரண்டாம் பக்கம் படித்தபிறகு யாரையும் கூப்பிடவில்லை.

இந்தக் கடிதத்தை எழுத ஐந்து நாள் ஆகியிருக்கிறது. நடுவில் எங்கேயாவது நிறுத்தினால் மறுபடி தொடங்க மாட்டேன் என்று பயம். அதனால் தினமும் அரைப் பக்கமாவது எழுதினேன்.

டீச்சருக்கு ஒரு அண்ணன் இருக்கிறார். தில்லையம்பலம் என்று பெயர், மோர்டனில் வீடு. கோலாலம்பூரில் ரயில்வேயில் கெராணியாகக் கணக்கு எழுதி ரிட்டயர் ஆனவர். என் கதையைக் கேட்டுவிட்டு அவர் சொன்னார். "அந்தக் காலத்து அரசாங்கத் தாள் எல்லாத்தையும் முப்பது வருசம் கழிச்சுத் திறந்துவிடுகினம். இஞ்ச கியூ எண்ட இடத்தில கிடக்கும். வாங்கோ, நான் கூட்டிக்கொண்டு போறன். தோட்டத்துப் பேர் தெரியும்தானே?"

இரண்டு ரயில் மாறிப் போனோம். உள்ளே பேனாவுக்கு அனுமதி இல்லை, பென்சில் மட்டும்தான். "பென்சில் எண்டால் உங்களுக்கு வசதிதானே" என்று அவர் கேலி செய்தார். அன்றைக்குக் கிடைக்கவில்லை. இரண்டாம் தடவையும் இல்லை. மூன்றாம் தடவை ஒரு கட்டு வந்தது. நடுவில் ஒரு தாள் தமிழில் இருந்தது. அருள்நேசன் ஐயா அன்றைக்கு என் கையில் தந்த கடிதத்தின் நகல். தில்லையம்பலத்தார் கையை நீட்டினார். "தாங்கோ, நான் வாசிக்கிறன்." "வேண்டாங்க. நானே வாசிக்கிறேன்" என்றேன்.

முப்பத்து மூன்று வருஷம் கழித்து வாசித்தேன், தங்கச்சி. அதற்கு முன்னால் வாசிக்கவே இல்லை. இதுதான் நான் சொல்ல வேண்டியது.

ஐம்பத்தைந்து நவம்பர் பத்தொன்பது, சனிக்கிழமை. அருள்நேசன் ஐயா என்னைத் துரை பங்களாவுக்குக் கூப்பிட்டனுப்பினார். டெல்லியிலிருந்து தூதராக வந்து, இரண்டு பக்கமும் மாறி மாறிப் பேசி அந்த மூன்று நாள் சண்டை நிறுத்தத்தை வாங்கியவர் அவர். அதற்குள் மச்சானும் இன்னும் இரண்டு பேரும் காட்டைவிட்டு வந்து பேச்சில் உட்கார வேண்டும். வழியும் நேரமும் அந்த வாரத் தொடக்கத்திலேயே பேசிவைத்திருந்தார்கள். ஞாயிறு விடியற்காலை, பம்ப் ஹவுஸ் பாதை. அதை வாய்வழியாகக் கொண்டுபோய்ச் சொன்னதும் நான்தான். அன்றைக்கு மட்டும் ஒரு தாளைத் தந்தார்.

"ராமு, உனக்கு வாசிக்க வருமா? வாசிக்கத் தெரிந்த ஆள்தான் இதற்கு வேண்டும். வழியில் யாராவது மடக்கினால் கொளுத்திவிட்டு, உள்ளே இருப்பதை வாயால் சொல்லணும்."

கெராணி நின்றார், லாரி டிரைவர் நின்றான். இரண்டு பேரும் என் முகத்தைப் பார்த்தார்கள். "வருமுங்க" என்றேன்.

"அப்படியானால் இங்கேயே வாசி."

மச்சான் பேப்பர் படிப்பதை எத்தனையோ நாள் பார்த்திருக்கிறேன். அதேபோல் கண்ணை இடமிருந்து வலம் ஓட்டினேன். உதட்டையும் கொஞ்சம் அசைத்தேன். போதும் என்று தோன்றியபோது தலையைத் தூக்கினேன். "புரிந்ததா?" "புரிஞ்சுதுங்க." அவர் என் தோளில் தட்டிக்கொடுத்தார்.

சாயங்காலம் லாரியைவிட்டு இறங்கிக் காட்டோரம் நடக்கும்போது பட்டாள ஜீப் வரும் சத்தம் கேட்டது. கால்வாயில் இறங்கித் தாளைக் கொளுத்திவிட்டேன். ஜீப் நிற்கவே இல்லை. என் பக்கம்கூடத் திரும்பாமல் போய்விட்டது.

மச்சான் மெலிந்துபோயிருந்தார். தாடி நரைத்திருந்தது. "என்னடா, ஏதாச்சும் மாத்தமா?" என்று கேட்டார். கடிதம் வந்தது, வழியில் கொளுத்திவிட்டேன் என்றேன். "நீயே படிச்சியா?" "ஆமா மச்சான்." "என்ன எழுதியிருந்தாரு?"

அப்போதாவது சொல்லியிருக்கலாம். மச்சான், எனக்கு வாசிக்கத் தெரியாது, பத்து வருஷமாக உன்னை ஏமாற்றிவிட்டேன் என்று. சங்கத்தின் இரவுப் பள்ளியை நடத்தியவர் அவர். எனக்கு எழுத்துத் தெரியும், அங்கே வரத் தேவையில்லை என்று அவரிடம் பெருமையடித்தவன் நான். "ஒண்ணும் இல்ல மச்சான். முன்ன பேசினபடிதான்" என்றேன்.

கியூவில் நான் வாசித்தது இது. பென்சிலால் பார்த்து எழுதிக்கொண்டு வந்தேன்:

'பம்ப் ஹவுஸ் பாதையைப் போர் நிறுத்தத்தில் சேர்க்கப் படையினர் மறுத்துவிட்டனர். தயவுசெய்து அந்த வழியாக வராதீர்கள். விடியற்காலையிலும் வரவேண்டாம். காலை பத்து மணிக்குக் கோயில் ரோடு வழியாக, கையில் வெள்ளைத் துணியோடு வாருங்கள். நானே முன்னால் ரோட்டில் நிற்பேன்.'

அவ்வளவுதான். சின்னச் சின்ன வரிகள். கிரிஜா வாசித்துவிடுவாள்.

அந்தத் தாளை நான் யாரிடமும் காட்டவில்லை. வாசித்துச் சொல் என்று யாரிடமும் கேட்கவும் இல்லை. தப்பு முழுவதும் என் ஒருவனுடையது. அருள்நேசன் ஐயா யாரையும் காட்டிக்கொடுக்கவில்லை. விடியற்காலையில் மூன்று பேரும் அந்தப் பாதையில் குண்டு பட்டு விழுந்ததோடு பேச்சும் போயிற்று. மறுபடி சண்டை நடந்து, அதில் எத்தனை பேர் போனார்கள் என்று நான் எண்ணிப் பார்க்கப் பயந்தே லண்டன் வரைக்கும் வந்தேன்.

எழுத்துக் கற்றது எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று முதல் கடிதத்தில் எழுதினேன். பொய் இல்லை. இன்றைக்கும் ஒரு சொல்லை வாசித்துவிட்டால் மனம் துள்ளுகிறது. துள்ளிய உடனே மச்சான் முகம் வருகிறது.

மன்னிப்புக் கேட்கிறேன். வேறு எப்படிக் கேட்பது என்று டீச்சர் இன்னும் சொல்லித்தரவில்லை.

ராமு


குட்மேய்ஸ்
25 செப்டம்பர் 1988

அன்புத் தங்கச்சிக்கு,

இங்கே தபால்காரர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். தெருமூலையில் தபால்பெட்டியின் வாயை அடைத்துவிட்டார்கள். அதனால்தான் உன் பதில் வரவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இப்போது வேலைநிறுத்தம் முடிந்துவிட்டது. நேற்று மங்கலத்துக்குச் சிங்கப்பூரிலிருந்து ஒரு கல்யாணப் பத்திரிகை வந்தது.

மங்கலத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். கையிலிருந்த சோற்றுத் தட்டைக் கீழே வைத்தாள். "ஏம்பா இத்தனை நாள் சொல்லல?" என்று கேட்டாள். பிறகு எழுந்து என் தட்டையும் எடுத்துக்கொண்டுபோய்க் கழுவினாள். இரண்டு நாள் அதிகம் பேசவில்லை. மூன்றாம் நாள், "மாத்திரை போட்டீங்களா?" என்றாள். அதுவே எனக்குப் போதுமாக இருந்தது.

நீ திட்டி எழுதினாலும் வாசிப்பேன். இங்கே என் கடிதங்களை நானேதான் பிரிக்கிறேன், வேறு யாரும் தொடுவதில்லை.

ராமு


தாப்பா
9 அக்டோபர் 1988

அண்ணனுக்கு,

உங்கள் இரண்டு கடிதமும் கிடைத்தன. பதில் எழுத உட்கார்ந்து நாலு தாளைக் கிழித்துவிட்டேன். இதையும் கிழிப்பதற்குள் தபாலில் போட்டுவிட வேண்டும்.

அண்ணே, பொய் எழுதாதீர்கள். அதற்காகவா எழுத்துக் கற்றீர்கள்?

யாரிடமும் காட்டவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சனிக்கிழமை மத்தியானம் என் வாசலுக்கு வந்தது யார்? லாரி கிளம்பப் போகிறது, டிரைவர் ஹார்ன் அடித்துக்கொண்டிருக்கிறான். நீங்கள் சட்டைக்குள்ளிருந்து தாளை எடுத்தீர்கள். "தங்கச்சி, மச்சானுக்குப் போற கடுதாசி. ஒரே ஒரு தடவை வாசிச்சுச் சொல்லிடு" என்றீர்கள்.

என் சின்னவள் செத்து அப்போது நாற்பது நாள்கூட ஆகவில்லை. காய்ச்சலில் மூன்று நாள் அப்பா அப்பா என்று கிடந்து போனாள். அவருக்குச் சேதி போயிற்று. அவர் வரவில்லை. வரமுடியாது என்று எனக்கும் தெரியும், கம்பிவேலிக்கு வெளியே பட்டாளம் நிற்கிறது. தெரிந்தும் வயிறு எரிந்தது. நான் சொன்ன சொல்லை மறந்துவிட்டதுபோல் எழுதியிருக்கிறீர்கள். நான் மறக்கவில்லை. "பெத்த பிள்ளையைப் புதைக்க வராத ஆளுக்கு வர்ற கடுதாசியை நான் எதுக்கு வாசிக்கணும்? அவரு கடுதாசியும் வேணாம், ஆளும் வேணாம்." உங்கள் முகத்துக்கு நேரே கதவைச் சாத்தினேன். சாத்திய கதவுக்கு இந்தப் பக்கம் நான் நின்றேன். அந்தப் பக்கம் நீங்கள் கொஞ்ச நேரம் நின்றது எனக்குக் கேட்டது.

இன்னொன்றும் உங்களுக்குத் தெரியாது. அடுத்த வருஷம் அருள்நேசன் ஐயா எனக்கு எழுதினார். இரண்டு தடவை. வழியை மாற்றி எழுதி அனுப்பினேனே அம்மா, அது உங்கள் வீட்டுக்காரர் கையில் போய்ச் சேர்ந்ததா, இல்லையா, அதை மட்டுமாவது சொல்லுங்கள் என்று. நான் பதில் போடவில்லை. இரண்டையும் அடுப்பில் போட்டேன். பதில் போட்டிருந்தால் உங்கள் பெயர் வெளியே வந்திருக்கும். காட்டில் மிச்சம் இருந்தவர்கள் உங்களை ஒரு வாரம்கூட உயிரோடு விட்டிருக்க மாட்டார்கள். என் பெயரும் சேர்ந்து வந்திருக்கும். எதற்கு அதிகம் பயந்தேன் என்று என்னைக் கேட்காதீர்கள்.

அதனால் எனக்கு ஆரம்பத்திலிருந்தே தெரியும். இராஜேந்திரனைப் பள்ளியில் சேர்த்ததும், கூரை போட்டுக் கொடுத்ததும், தீபாவளிக்குத் துணி எடுத்துக்கொண்டு வந்ததும் எதற்காக என்று தெரிந்துதான் வாங்கிக்கொண்டேன். வாசலில் வந்து தலைகுனிந்து நிற்பீர்கள். ஒரு வார்த்தை சொல்லி உங்களை இறக்கிவிட்டிருக்கலாம். நான் சொல்லவில்லை. உங்கள் பாரம் இருந்ததால் என் பாரம் தெரியாமல் இருந்தது.

அந்த நல்ல மனுஷன் பெயரைக் கேட்கும்போதெல்லாம் என் மகன் காறித் துப்பினான். பக்கத்தில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தேன்.

போன வாரம் இராஜேந்திரனிடம் சொல்லிவிட்டேன். முதலில் என் கதவை. பிறகு உங்கள் கடிதத்தைக் கையில் கொடுத்தேன். படித்துவிட்டு, "மாமா பேரு அந்த மேடையில வரக்கூடாது. ஒன் பேரும் வரக்கூடாது. கல்லும் வேணாம், ஒண்ணும் வேணாம்" என்று மோட்டார்சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டான். மருமகள் மூலமாகத்தான் பேசுகிறான். கல் வெட்டக் கொடுத்தாகிவிட்டது, கூட்டத்தை நிறுத்த முடியாது. அதுவும் அவனுக்குக் கோபம்.

மன்னிப்பு என்று எழுதியிருக்கிறீர்கள். அது என்னிடம் இருக்கிறதா என்று தேடிப் பார்க்கிறேன். கிடைத்தால் அனுப்புகிறேன். இல்லை என்றால் அதையும் எழுதுகிறேன், உங்களைப்போல் காத்திருக்க வைக்க மாட்டேன்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். நடந்ததை மறுபடி எழுதுங்கள். என் கதவையும் சேர்த்து எழுதுங்கள். நான் சொன்ன சொல்லையும் அப்படியே போடுங்கள். மேடையில் யாரும் வாசிக்க வேண்டாம், நான் வாசிக்கிறேன். அன்றைக்கு வாசித்துச் சொல்லக் கேட்டீர்கள் அல்லவா?

பவளக்கொடி


குட்மேய்ஸ்
23 அக்டோபர் 1988

அன்புத் தங்கச்சி பவளக்கொடிக்கு,

உன் கடிதத்தைத் தில்லையம்பலத்தாரிடம் காட்டவில்லை, டீச்சரிடமும் காட்டவில்லை. ஒரு சொல் புரியாவிட்டாலும் யாரையும் கேட்பதில்லை என்று உட்கார்ந்து இரண்டு நாள் வாசித்தேன். எல்லாம் புரிந்தது.

உன் கதவை எழுதாமல் விட்டது மறதி இல்லை. உன்னைக் காப்பாற்றுவதாக நினைத்தேன். உன்னைக் காப்பாற்றிக்கொண்டு நான் மட்டும் பெரிய மனுஷனாக நிற்கலாம் என்ற ஆசையும் உள்ளே இருந்திருக்கிறது. நீ எழுதியபிறகுதான் அது எனக்கே தெரிந்தது. எழுத்து வந்தாலும் பழைய பழக்கம் போகவில்லை, பார்.

நீ கேட்டதை எழுதியிருக்கிறேன். ஏழு தடவை திருப்பி எழுதினேன். பிள்ளையைப் புதைக்க என்ற இடத்துக்கு வரும்போது கை நின்றுவிடும். எழுந்துபோய்த் தேநீர் போட்டுக் குடித்துவிட்டு வந்து எழுதுவேன். ஒரு வரி மட்டும் நானாகச் சேர்த்தேன். அவள் கோபப்பட்டதில் தப்பு இல்லை என்று. அது உனக்குப் பிடிக்காவிட்டால் அடித்துவிடு. மற்றதை நீ சொன்னபடியே விட்டிருக்கிறேன்.

அந்தத் தாளைத் தனிக் கவரில் அனுப்புகிறேன். அதன் கடைசிப் பாகத்தை மட்டும் இங்கேயும் எழுதுகிறேன். தபாலில் ஒன்று தவறினாலும் மற்றது வந்து சேரட்டும்.

'தூதர் அருள்நேசன் யாரையும் காட்டிக்கொடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை பம்ப் ஹவுஸ் பக்கம் சுட்ட சத்தம் எங்கள் எல்லாருக்கும் கேட்டது. அவருக்கும் கேட்டிருக்கும். ஆனாலும் அவர் பத்து மணிக்குக் கோயில் ரோட்டுக்கு வந்தார். தன் வெள்ளைக் கைக்குட்டையைக் குடைக் கம்பியில் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றார். பட்டாளத்துக்காரர்கள் வந்து போகச் சொன்னார்கள். அவர் போகவில்லை. மத்தியானம் வரை நின்றார். நான் ரப்பர் மரங்களுக்கு நடுவே ஒளிந்து நின்று பார்த்தேன். அவர் யாருக்காக நிற்கிறார் என்று அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை. இப்போது தெரியும். இதை எழுதியது ராமு. எழுத்து என்னுடையது.'

அவர் செத்துப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது என்று தில்லையம்பலத்தார் விசாரித்துச் சொன்னார். மெட்ராஸில் ஒரு மகள் இருக்கிறாராம். அந்த முகவரிக்கும் ஒரு நகல் எழுதிக்கொண்டிருக்கிறேன். உன் பெயரை அதில் போடலாமா என்று எழுது. நீ சொல்லாமல் போட மாட்டேன்.

நீ வாசிக்கும்போது இராஜேந்திரன் நடுவில் எழுந்து போகலாம். போனால் போகட்டும். நீ நிறுத்தாதே. கடைசி வரி வரை வாசி. அவன் வெளியே நின்றாலும் மைக்கில் கேட்கும். என்மேல் உள்ள கோபத்தை அவன் வைத்துக்கொள்ளட்டும், அது அவனுக்குச் சேரவேண்டியதுதான். உன்னோடு மட்டும் அவன் பேச வேண்டும் என்று தினமும் வேண்டிக்கொள்கிறேன்.

தேடிப் பார்க்கிறேன் என்று எழுதினாயே, அதற்கு அவசரம் இல்லை. கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை. கிடைக்கவில்லை என்று நீ எழுதும் கடிதத்தையும் நான் வாசிப்பேன்.

இங்கே இலை எல்லாம் உதிர்ந்துவிட்டது. இன்றைக்குக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் திருப்பி வைத்தார்கள். மங்கலம் ஷிப்டுக்குப் போகும்போது இந்தக் கவரைப் பெட்டியில் போடுவதாகச் சொன்னாள். வேண்டாம், நானே நடந்துபோய்ப் போடுகிறேன் என்றேன்.

அடுத்த ஞாயிறும் எழுதுவேன், தங்கச்சி. பதில் வந்தாலும் வராவிட்டாலும்.

ராமு